தமிழில் சிந்தித்து ஆங்கிலக் கார்டைப் படிப்பது எப்படி: மேஜிக் ஆட்டக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நண்பரின் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு ஆட்டம் ஆடுகிறோம். இரண்டு பேர் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். புதியவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு.

அவர்கள் இடறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இருக்கும் கார்டை மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டு, பிறகு அந்தத் தமிழை வைத்து வாதாடுகிறார்கள். ‘டெஸ்ட்ராய்’, ‘சாக்ரிஃபைஸ்’, ‘எக்ஸைல்’ மூன்றும் நம் பேச்சில் ‘போய்விட்டது’ என்று ஆகிவிடுகின்றன. ‘வென்’, ‘இஃப்’ இரண்டும் ‘வந்தால்’ என்பதில் கலந்துவிடுகின்றன. மேஜிக் கார்டுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் விதிப் புத்தகத்தில் தனிப் பொருள் இருக்கிறது. அந்த வேறுபாடு தமிழாக்கத்தில் தொலைந்த பிறகு எவ்வளவு வாதாடினாலும் விடை கிடைக்காது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வாக்கியத்தின் வகை தெரியாமல் அதன் விளைவைப் பற்றிப் பேச முடியாது என்பதால் வரிசை முக்கியம். மானா கட்டுவது, தாக்குவது, தடுப்பது ஆகிய அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கார்டின் இன்றைய வாசகத்தைப் பார்க்க ஒரு வழி. ஒவ்வொரு கார்டுக்கும் ‘ஆரக்கிள்’ வாசகம் என்று ஒன்று உண்டு. ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்தின் ‘கேதரர்’ என்ற தரவுத்தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. அச்சிட்ட வாசகமும் ஆரக்கிள் வாசகமும் வேறுபட்டால் ஆரக்கிள்தான் செல்லும்.

இது பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான எச்சரிக்கை அல்ல. ‘லைட்னிங் போல்ட்’ கார்டின் பல பழைய அச்சுகளில் ஒரு கிரீச்சருக்கோ ஆட்டக்காரருக்கோ 3 சேதம் என்று இருக்கும். 2018 முதல் அது எந்த டார்கெட்டுக்கும் 3 சேதம் என்று மாறிவிட்டது, பிளேன்ஸ்வாக்கர் என்ற வகைக் கார்டையும் நேரடியாக அடிக்கலாம். அதேபோல, பழைய கார்டில் ஆட்டத்திலிருந்து நீக்கு என்று இருந்தால் அது 2009-க்குப் பிறகு ‘எக்ஸைல்’ என்று வழங்கப்படுவதுதான். இரண்டும் வேறு வேறு செயல்கள் என்று நினைத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, முழு விதித் தொகுப்பு. இதுவும் இலவசம். தரவிறக்கி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. கீழே நான் தரும் எண்களைத் தேடினால் போதும்.

மூன்றாவது, ஒரு நோட்டும் பேனாவும். ஏன் என்பது கடைசிப் படியில் தெரியும்.

## 2. ஆங்கிலத்திலேயே, வாய்விட்டு, முழுவதும் படியுங்கள்

மௌனமாகப் படிக்கும் கண் தெரிந்த சொல்லைத் தாவிப் போகும். எங்கள் அறையில் சந்தேகம் என்று கை தூக்குகிறவர் முதலில் கார்டை உரக்கப் படிக்க வேண்டும். பாதிச் சந்தேகங்கள் அப்போதே தீர்ந்துவிடுகின்றன, ‘அனதர்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன் என்று படித்தவரே சொல்லிவிடுகிறார்.

படிக்கும்போது இரண்டைக் கழித்துவிடுங்கள். அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் இருப்பது நினைவூட்டல் மட்டுமே, அதற்கு விதியின் வலு இல்லை. கார்டின் அடியில் சாய்வெழுத்தில் வரும் கதை வரி அழகுக்காக இருக்கிறது. ஒரு பூதம் எரிமலையில் பிறந்தது என்று அந்த வரி சொன்னால் அதற்குத் தீயால் சேதம் வராது என்று பொருள் அல்ல.

## 3. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதன் வகையைச் சொல்லுங்கள்

விளைவு என்ன என்று கேட்காதீர்கள், இன்னும் நேரம் வரவில்லை. இது எந்த வகை வாக்கியம் என்று மட்டும் கேளுங்கள். களத்தில் இருக்கும் கார்டுகளில் மூன்று வகைகள்தான்.

நடுவில் முக்காற்புள்ளி இருந்தால் அது நீங்கள் விரும்பி இயக்கும் திறன் (விதி 602). புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் விலை, வலப்பக்கம் இருப்பது விளைவு. ‘வென்’, ‘வெனெவர்’, ‘அட்’ ஆகியவற்றில் ஒன்றோடு தொடங்கினால் அது தானாகத் தூண்டப்படும் திறன் (விதி 603). இரண்டும் இல்லாமல் வெறும் கூற்றாக இருந்தால், கார்டு களத்தில் இருக்கும்வரை அது எப்போதும் உண்மை (விதி 604).

மானா தரும் திறன்களைத் தவிர, முதல் இரண்டும் ஸ்டாக்கில், அதாவது நிறைவேறக் காத்திருப்பவற்றின் அடுக்கில் ஏறும், எதிராளி பதில் கொடுக்கலாம். மூன்றாவது ஸ்டாக்கில் ஏறாது, பதில் கொடுக்க இடமே இல்லை. வகையை முதலில் சொல்லச் சொல்வது இதனால்தான்.

முக்காற்புள்ளியின் இடப்பக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், புதியவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். ‘விசேரா சியர்’ கார்டில், புள்ளிக்கு முன்னால் ஒரு கிரீச்சரைப் பலி கொடு, பின்னால் ‘ஸ்கிரை 1’ (கட்டின் மேல் கார்டைப் பார்த்து மேலேயோ அடியிலோ வை) என்று இருக்கிறது. பலி என்பது விலை. அதைக் கொடுப்பதற்கு நடுவில் யாரும் குறுக்கிட முடியாது. “நீ பலி கொடுப்பதற்குள் நான் அதைக் கொன்றுவிடுகிறேன்” என்று எதிராளி சொன்னால் அது செல்லாது. அவர் வாய் திறக்கும் நேரத்தில் விலை ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘பிராடிகல் சோர்சரர்’ தன்னைத் திருப்பி எந்த டார்கெட்டுக்கும் 1 சேதம் கொடுக்கும். திருப்பியதும் எதிராளி அவரைக் கொன்றுவிட்டார். சேதம் வருமா? வரும். விலை கட்டிய நொடியிலேயே திறன் ஸ்டாக்கில் ஏறிவிட்டது. அம்பு வில்லைவிட்டுப் போன பிறகு வில்லை ஒடித்து என்ன பயன்?

## 4. டார்கெட் என்ற சொல் இருக்கிறதா?

‘டார்கெட்’, ‘சூஸ்’ இரண்டையும் ‘தேர்ந்தெடு’ என்று தமிழாக்குவது பழக்கமாகிவிட்டது. விட்டுவிடுங்கள். முதலாவதைக் ‘குறிவை’ என்றும் இரண்டாவதை மட்டும் ‘தேர்ந்தெடு’ என்றும் சொல்லிப் பழகினால் பாதிப் பிரச்சினை போய்விடும். குறிவைத்தல் ஸ்பெல்லை ஆடும்போதே நடக்கிறது. குறிவைக்காத தேர்வு ஸ்பெல் நிறைவேறும்போது நடக்கிறது.

‘டூம் பிளேட்’ கறுப்பு அல்லாத ஒரு கிரீச்சரைக் குறிவைத்து அழிக்கிறது. ‘டயபாலிக் எடிக்ட்’ ஓர் ஆட்டக்காரரைக் குறிவைக்கிறது, அவர் தன் கிரீச்சர்களில் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். இப்போது எதிராளியிடம் ‘ஹெக்ஸ்ப்ரூஃப்’ (எதிராளிகள் குறிவைக்க முடியாது) உள்ள ஒரே ஒரு கிரீச்சர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டூம் பிளேடால் அதைத் தொட முடியாது. எடிக்ட் அதை வீழ்த்தும், ஏனென்றால் குறி ஆட்டக்காரர் மேல் இருக்கிறதே தவிர கிரீச்சர் மேல் இல்லை. அந்தக் கிரீச்சர் ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’ (அழிக்க முடியாதது) ஆக இருந்தாலும் இதே கதைதான், பலி என்பது அழிவு அல்ல.

குறி இரண்டு முறை சரிபார்க்கப்படும், ஆடும்போது ஒரு முறை, நிறைவேறும்போது ஒரு முறை. நடுவில் எல்லாக் குறிகளும் தகுதி இழந்துவிட்டால் ஸ்பெல் எதையும் செய்யாமல் கிரேவ்யார்டுக்கு, அதாவது தீர்ந்த கார்டுகளின் குவியலுக்குப் போகும். அதிலிருந்து வர வேண்டிய மற்ற நன்மைகளும் வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘பாசிஃபிஸம்’ போன்ற, வேறொன்றின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஆரா கார்டுகளில் ‘டார்கெட்’ என்ற சொல் கண்ணில் படாது, ‘என்சான்ட் கிரீச்சர்’ என்றுதான் இருக்கும். ஆனாலும் ஆராவை ஸ்பெல்லாக ஆடும்போது அது குறிவைக்கிறது. ஆயுதம் போன்ற கருவிகளைக் கிரீச்சருக்கு மாட்டும் ‘எக்விப்’ திறனும் அப்படியே. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

## 5. ‘வென்’, ‘இஃப்’, ‘இன்ஸ்டெட்’, ‘அன்டில்’

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள். கடலூரிலிருந்து வரும் கல்லூரி மாணவர் ஒருவரின் ‘செர்ரா ஏஞ்சல்’ களத்தில் நிற்கிறது. எதிரே இருந்தவர் ‘ஆப்லிவியன் ரிங்’ ஆடினார். அது களத்துக்கு வந்ததும் அதன் முதல் திறன் தூண்டப்பட்டு ஏஞ்சலைக் குறிவைத்தது. மாணவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, கையில் இருந்த ‘டிஸ்என்சான்ட்’ கார்டைப் போட்டு ரிங்கை அழித்தார். அழித்துவிட்டு ஏஞ்சல் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டார், யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதுபோல.

“அண்ணா, ரிங்கே போய்விட்டதே, ஏஞ்சல் எப்படிப் போகும்?” என்று என்னிடம் கேட்டார்.

போகும். போனால் திரும்பியும் வராது. ரிங்கில் இரண்டு தனித்தனி வாக்கியங்கள் இருக்கின்றன, இரண்டும் ‘வென்’ என்று தொடங்குகின்றன. வரும்போது நிலம் அல்லாத வேறொரு பெர்மனென்ட்டை (களத்தில் தங்கும் கார்டை) எக்ஸைல் செய் என்பது ஒன்று. களத்தைவிட்டுப் போகும்போது எக்ஸைல் செய்த கார்டைத் திருப்பிக் கொடு என்பது மற்றொன்று.

ஸ்டாக்கில் முதல் திறன் காத்திருக்கும்போதே ரிங் அழிந்ததால் இரண்டாவது திறன் அதன் மேலே ஏறியது. மேலே இருப்பதுதான் முதலில் நிறைவேறும். அந்த நேரத்தில் எதுவும் எக்ஸைல் ஆகவில்லை, திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் கீழே இருந்த முதல் திறன் நிறைவேறி ஏஞ்சலை எக்ஸைல் செய்தது. அதைத் திருப்பிக் கொண்டுவர இனி எந்த வாக்கியமும் மிச்சமில்லை.

அவர் செய்திருக்க வேண்டியது பொறுத்திருப்பது. ஏஞ்சல் எக்ஸைல் ஆகட்டும், பிறகு ரிங்கை அழிக்கட்டும், ஏஞ்சல் திரும்பி வந்திருக்கும்.

இதே வேலையைச் செய்வதுபோலத் தெரியும் ‘பானிஷிங் லைட்’ கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரே வாக்கியம்தான்: பானிஷிங் லைட் களத்தைவிட்டுப் போகும் ‘அன்டில்’, அதாவது போகும்வரை, எதிராளியின் கார்டு எக்ஸைலில் இருக்கும். திறன் நிறைவேறும் முன்பே அது களத்தைவிட்டுப் போய்விட்டால், ‘வரை’ என்ற அந்தக் காலம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. குறிவைத்த கார்டு அசையவே அசையாது. அந்த மாணவருக்கு எதிரே இருந்தது பானிஷிங் லைட்டாக இருந்திருந்தால் அவர் அவசரப்பட்டதே சரியான ஆட்டம்.

தமிழில் இரண்டையும் ‘அது இருக்கும்வரை இது வெளியே’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே முற்றுப்புள்ளி விழுகிறது என்று காட்டிய பிறகுதான் அவர் விரலை எடுத்தார்.

அடுத்தது ‘இஃப்’. தூண்டும் சொல்லுக்குப் பிறகு உடனே காற்புள்ளியும் ‘இஃப்’ என்ற சொல்லும் வந்தால் அந்த நிபந்தனை இரண்டு முறை சரிபார்க்கப்படும் (விதி 603.4). ‘ஃபெலிடார் சாவரின்’ கார்டில், உங்கள் அப்கீப் (சுற்றின் தொடக்கத்தில் வரும் கட்டம்) தொடங்கும்போது, உயிர்ப்புள்ளி 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், நீங்கள் வெல்கிறீர்கள் என்று இருக்கிறது. உங்களிடம் சரியாக 40 இருக்கிறது, திறன் தூண்டப்பட்டது. எதிராளி பதிலாக லைட்னிங் போல்ட் போட்டு உங்களை 37-க்கு இறக்கினால் வெற்றி இல்லை. அப்கீப் தொடங்கும்போது 39-தான் இருந்தால் திறன் தூண்டப்படவே இல்லை, அதன் பிறகு உயிர்ப்புள்ளி ஏற்றிப் பயனில்லை.

‘இன்ஸ்டெட்’ என்ற சொல் இருந்தால் அது மாற்றீடு (விதி 614). முதல் நிகழ்ச்சி நடந்து பிறகு மாறுவது இல்லை, முதல் நிகழ்ச்சி நடக்கவே இல்லை. ‘ரெஸ்ட் இன் பீஸ்’ களத்தில் இருந்தால் கிரேவ்யார்டுக்குப் போக வேண்டியதெல்லாம் எக்ஸைலுக்குப் போகும். அப்போது ‘சாலம் சிமுலாக்ரம்’ அழிந்தால் அதன் ‘டைஸ்’ திறன் வேலை செய்யாது. ‘டைஸ்’ என்றால் களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போவது மட்டுமே. கைக்குத் திரும்பியதும் எக்ஸைல் ஆனதும் சாவு அல்ல.

## 6. யார், யாருடையது என்று எழுவாயை நிரப்புங்கள்

தமிழில் ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்பவருக்குப் புரிந்துவிடும். கார்டில் அது நடக்காது. ‘யூ’ என்றால் அந்தத் திறனைக் கட்டுப்படுத்துபவர். ‘ஓனர்’ என்றால் ஆட்டம் தொடங்கும்போது அந்தக் கார்டைத் தன் கட்டில் கொண்டுவந்தவர். ‘கன்ட்ரோலர்’ என்றால் இப்போது அதை வைத்திருப்பவர்.

எதிராளியின் கிரீச்சரை நீங்கள் ‘கன்ட்ரோல் மேஜிக்’ கொண்டு பறித்துவிட்டீர்கள். யாரோ அதன் மேல் ‘அன்சம்மன்’ போடுகிறார். அது உங்கள் கைக்கு வராது, ஓனர் கைக்குப் போகும்.

கார்டு தன் பெயரைத் தானே சொன்னால் அது அந்த ஒரு கார்டை மட்டுமே குறிக்கிறது, அதே பெயருள்ள இன்னொன்றை அல்ல. ‘ஆல் கிரீச்சர்ஸ்’ என்றால் உங்களுடையவையும் சேர்த்தி.

## 7. முடியாது, வேண்டுமானால், முடிந்தவரை

‘கான்ட்’ என்று ஒரு கார்டும் ‘கேன்’ என்று இன்னொரு கார்டும் சொன்னால் ‘கான்ட்’ ஜெயிக்கும் (விதி 101.2). எந்தக் கார்டு பிறகு வந்தது, எது விலை உயர்ந்தது என்பதெல்லாம் கணக்கில் இல்லை.

‘மே’ என்று இருந்தால் மட்டுமே விருப்பம். இல்லையென்றால் கட்டாயம், உங்களுக்கே நஷ்டமானாலும் செய்ய வேண்டும்.

விளைவை முழுவதும் செய்ய முடியாவிட்டால் முடிந்தவரை செய்ய வேண்டும். ‘மைண்ட் ராட்’ இரண்டு கார்டைக் கைவிடச் சொல்கிறது, கையில் ஒன்றுதான் இருந்தால் அந்த ஒன்றைக் கைவிட வேண்டும். விலைக்கு இது பொருந்தாது. இரண்டு கார்டைக் கைவிடுவது விலையாக இருந்தால், ஒன்று மட்டும் வைத்திருப்பவர் அந்தத் திறனை இயக்கவே முடியாது. மூன்றாம் படியில் முக்காற்புள்ளியைத் தேடச் சொன்னதன் பலன் இங்கே கிடைக்கிறது.

## 8. எழுதிய வரிசையில், நடுவில் நிறுத்தாமல்

ஒரு ஸ்பெல் நிறைவேறத் தொடங்கினால் எழுதியிருக்கும் வரிசையில் முடியும்வரை போகும். நடுவில் யாரும் பதில் கொடுக்க முடியாது, கிரீச்சர் சாவதும் நடுவில் நடக்காது. எல்லாம் முடிந்த பிறகுதான் ஆட்டம் களத்தைப் பார்த்து யார் செத்தது என்று கணக்கெடுக்கிறது (விதி 704).

‘டார்மோகோய்ஃப்’ இதற்கு நல்ல பயிற்சி. எல்லாக் கிரேவ்யார்டுகளிலும் எத்தனை வகைக் கார்டுகள் இருக்கின்றனவோ அவ்வளவு அதன் தாக்கும் வலு, அதோடு ஒன்று கூட்டினால் தாங்கும் வலு. கிரேவ்யார்டுகளில் நிலமும் கிரீச்சரும் மட்டும் இருக்கின்றன, எனவே அது 2/3. லைட்னிங் போல்ட் 3 சேதம் கொடுக்கிறது. செத்துவிட்டதா? இல்லை. போல்ட் நிறைவேறி முடியும்போது தானே கிரேவ்யார்டுக்குப் போகிறது. அங்கே இன்ஸ்டன்ட் என்ற புது வகை சேர்ந்து டார்மோகோய்ஃப் 3/4 ஆகிறது. அதன் பிறகே கணக்கெடுப்பு. ஏற்கெனவே அங்கே ஓர் இன்ஸ்டன்ட் கிடந்திருந்தால் அது தொடக்கத்திலேயே 3/4-ஆக இருந்திருக்கும், போல்ட் அதைக் கொல்லாது என்பது முன்பே தெரிந்திருக்கும்.

இரண்டு ஆட்டக்காரர்களின் திறன்களும் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டால், யாருடைய சுற்றோ அவருடையவை முதலில் ஸ்டாக்கில் ஏறும். ஆகவே மற்றவருடையவை முதலில் நிறைவேறும்.

## 9. வேறு ஆட்டத்துக்குப் போகும்போது

மேஜிக் விதியை மற்ற ஆட்டங்களுக்கு எடுத்துப்போகாதீர்கள்.

‘யு-கி-ஓ’ கார்டுகள் 2011 முதல் நிறுத்தக்குறிகளை வைத்தே எழுதப்படுகின்றன. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது இயக்கும் நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது இயக்கும்போதே செய்வது, விலையும் குறிவைத்தலும் அதில் அடங்கும். பின்னால் இருப்பது நிறைவேறும்போது நடப்பது. மேஜிக் ஆடுபவர் அங்கே முக்காற்புள்ளியைக் கண்டதும் இடப்பக்கம் விலை என்று படித்துவிடுகிறார், அது தவறு. ‘மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூன்’ எதிராளி இயக்கிய சாதாரண ஸ்பெல்லை அழித்தாலும் அதன் விளைவை ரத்து செய்யாது. ரத்து செய்கிறது என்று கார்டில் எங்கும் எழுதவில்லை.

‘போக்கிமான்’ ஆட்டத்தில் சேதம் வேறு, சேதக் காய்களை வைப்பது வேறு. தாக்குதலின் சேதத்தைத் தடுக்கும் திறன், காய்களை நேரடியாக வைக்கும் விளைவைத் தடுக்காது. பலவீனக் கணக்கும் காய்களுக்குக் கிடையாது.

## 10. இன்னும் தீரவில்லை என்றால்

போட்டியில் ஆடுகிறீர்கள் என்றால் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, கார்டுகளை நகர்த்தாமல், நடுவரை அழையுங்கள். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்காதீர்கள்.

வீட்டில் என்றால் கேதரரில் அந்தக் கார்டின் கீழ் இருக்கும் விளக்கக் குறிப்புகளைப் பாருங்கள். உங்கள் சந்தேகம் வேறு யாருக்கோ முன்பே வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிடத்துக்குள் கிடைக்கவில்லையென்றால் நாணயம் சுண்டி ஒரு முடிவெடுத்து, அன்று முழுவதும் இரு பக்கத்துக்கும் அதையே கடைப்பிடியுங்கள். பின்னால் தவறு என்று தெரிந்தாலும் முடிந்த ஆட்டத்தைக் கலைக்க வேண்டாம்.

இரண்டு வாதங்களை எங்கள் அறையில் ஏற்பதில்லை. கார்டை உருவாக்கியவர் இதைத்தான் நினைத்திருப்பார் என்பது ஒன்று, இது நியாயமாக இல்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் கார்டில் ஆதாரம் கிடையாது.

முடிவை நோட்டில் எழுதுங்கள். கார்டின் பெயர், குழப்பிய சொல், விதி எண், முடிவு, இவை போதும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குரிய பக்கத்தில் அந்த மாணவரே தன் கையெழுத்தில் எழுதியிருப்பது இது: “ஆப்லிவியன் ரிங். இரண்டு வென், இரண்டு முற்றுப்புள்ளி. 603. ஏஞ்சல் போன பிறகுதான் ரிங்கை உடைக்க வேண்டும். பானிஷிங் லைட் என்றால் உடனே உடைக்கலாம்.”